பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட பாட்டு

எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்தது 1967 பிப்ரவரியில் என்று நைனா சொல்வார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தபால் ஆபீசில் கொடுத்த ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் முதல் முத்திரையும் பிப்ரவரிதான். ஆனால் அந்தப் பொங்கலன்றே அதில் பாட்டுக் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆக, ஒரு மாதம் லைசென்ஸ் இல்லாமல் கேட்டிருக்கிறோம். நைனா நாணயமான மனிதர். அதனால் அந்த ஒரு மாதத்தையே மறந்துவிட்டார்.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த ஆண்டு, 1968 வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அக்கா அதை அறுபத்தொன்பது என்பாள். அவள் பதினோராம் வகுப்பு முடித்த கோடை அது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் என்னிடம்தான் இருக்கிறது. எனவே தீர்ப்பு என் பக்கம். தங்கை எனக்கு அப்போது ஒன்பது வயது.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஆறேழு மைலில் இருந்தது எங்கள் ஊர். அப்போது அந்தப் பக்கமெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். ஏரித் தண்ணீரை நம்பிய நெல் வயல்கள், ஊர் நடுவில் ஒரு பஜனைக் கோயில், மாலையில் திரும்பும் ஒரு பஸ். புரட்டாசி வந்தால் நைனா நெற்றி நிறைய நாமம் இட்டுக்கொண்டு, ஜால்ராவும் கையுமாக, சனிக்கிழமைதோறும் பஜனைக்குத் தலைமை தாங்குவார். மற்ற மாதங்களிலும் அந்தத் தலைமை அவரை விட்டு முழுதாக இறங்கியதில்லை.

ஆகவே ரேடியோவுக்கும் சட்டம் இருந்தது. செய்தி கேட்கலாம், விவசாய நிகழ்ச்சி கேட்கலாம், சாமி பாட்டு கேட்கலாம். சினிமாப் பாட்டில் சாமி வந்தால் அதுவும் சாமி பாட்டுதான். கதாநாயகி அழுதுகொண்டே பாடினால் அரை மனதாக விட்டுவிடுவார். காதல் பாட்டு என்றால் எழுந்து ஒலியைக் குறைப்பார். கிளப் டான்ஸ் பாட்டு மட்டும் எங்கள் வீட்டில் ஒலிக்கவே கூடாது. தவறிப்போய் அதன் மேளம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டால் அம்மாவே ஓடிவந்து குமிழைத் திருகுவாள். "கருமம், கருமம்" என்பாள்.

கிளப் என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அக்காவைக் கேட்டேன்.

"மெட்ராஸ்ல பெரிய மனுசங்கல்லாம் சாயங்காலம் ஒக்காந்து மோர் குடிக்கிற எடம்."

"மோர் குடிக்கறதுக்கு ஏன் டான்ஸு?"

"செரிக்க வேணாமா?"

எனக்கு அது போதுமான விளக்கமாக இருந்தது.

கோடையில் சொர்ணவாரிப் போகத்து நெல் நடவுக்காக நைனா மதியச் சாப்பாடு முடிந்ததும் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார். கரண்ட் வரும் நேரம் அது. அம்மா உள்ளறையில் பாயை விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கும் அக்காவுக்கும் சொந்தம். சிலோனிலிருந்து வரும் பாட்டுகளை வைப்போம். ஒலியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிட்டு, ரேடியோவின் முகத்தில் இருந்த துணியில் நான் ஒரு காதையும் அக்கா ஒரு காதையும் ஒட்டிக்கொள்வோம். கடல் தாண்டி வருவதாலோ என்னவோ, பாட்டு ஒரு சமயம் பெருகும், ஒரு சமயம் வடியும்.

நைனா புத்திசாலி. வீட்டுக்குள் நுழைந்ததும் கால் கழுவுவதற்கு முன்பே ரேடியோவின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அது வால்வு ரேடியோ. அரை மணி நேரம் பாடினாலே மேல்பக்கம் கதகதவென்று இருக்கும். அக்கா அவரைவிடப் புத்திசாலி. பாட்டு முடிந்ததும் முறத்தை எடுத்து, ரேடியோவை ஆளுக்கு நூறு தடவை விசிறி ஆற வைப்போம். அந்த வெயிலில் எங்களை விசிறிக்கொள்ளக் கை வராது.

அப்படிக் கேட்டதில்தான் என் பாட்டு எனக்குக் கிடைத்தது. அதன் முதல் வரியைக்கூட இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெண் கலகலவென்று சிரிப்பதில் அது தொடங்கும். பிறகு மேளம் விழுந்தடித்துக்கொண்டு வரும். அவள் பாட ஆரம்பிப்பாள். ஆனால் ஒவ்வொரு இரண்டு அடிக்கும் பாவம், அவளுக்கு விக்கல் எடுக்கும். மோர் அதிகமாகக் குடித்துவிட்டாள் என்று நான் முடிவு செய்திருந்தேன். அத்தனை விக்கலிலும் தாளம் தப்பாமல் மூன்று சரணத்தையும் பாடி முடிக்கிறாளே என்று எனக்கு வியப்பு. எங்கள் பள்ளியில் இருமல் வந்தால்கூட வாய்ப்பாடு சொல்வதை நிறுத்திவிடலாம். இவளுக்கு ஒருவரும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. அப்படியும் விடவில்லை. அந்த விடாமுயற்சிக்காகவே அந்தப் பாட்டை நான் மனப்பாடம் செய்தேன், விக்கல்களோடு சேர்த்து.

மாட்டுக் கொட்டகையில்தான் பயிற்சி. வீட்டுக்குள் என்னையறியாமல் அந்தச் சிரிப்பு வந்துவிட்டால், அம்மா எங்கிருந்தாலும் வந்து என் வாயைப் பொத்திவிடுவாள். மாவு கையாக இருந்தாலும் சரி, சாம்பல் கையாக இருந்தாலும் சரி. ஒருநாளும் முதல் அடியைத் தாண்ட விட்டதில்லை.

அந்த வைகாசியில் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. அக்கா ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். புதன்கிழமை திருவள்ளூருக்கு நேரில் வரச் சொல்லி ஒரு கார்டு வந்தது. மற்றொன்று பள்ளிப்பட்டிலிருந்து வந்தது. அங்கே வேர்க்கடலை மண்டி வைத்திருந்த ஒரு குடும்பம் அக்காவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரே பையன், கெட்ட பழக்கம் இல்லை, நாமம் போடுகிற குடும்பம்.

"நல்ல எடம். குதிர்ந்துச்சுன்னா டிரெயினிங்கு எதுக்கு?" என்றார் நைனா.

அக்கா கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குதிரலன்னா?" என்றாள்.

"அப்ப பாக்கலாம்."

நைனா ஒன்று முடிவு செய்த பிறகு அம்மா பேசி நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பிடித்துவிட்டால் அன்றைக்கே பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டுப் போவார்கள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் எந்தத் தரப்பும் பின்வாங்க முடியாது. அந்த ஞாயிறு பள்ளிப்பட்டுக்காரர்கள் வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா கையில் வாழையிலை மூடிய ஒரு பூக்கூடை இருந்தது. அவர்கள் வரும்போதே பாதி முடிவோடு வந்திருந்தார்கள். அக்காவின் கண் முழுவதும் அந்தக் கூடை மேலேயே இருந்தது. பூ வாசனை கூடம் முழுக்கப் பரவியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கல்யாணம் என்றால் மைக் செட் வைப்பார்கள். மைக் செட் வைத்தால் என் பாட்டையும் போடுவார்கள்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் அப்பா வெள்ளை மீசைக்காரர், யாரைப் பார்த்தாலும் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மாதான் விசாரணை அதிகாரி. அக்காவை நடக்கச் சொன்னாள், கூந்தலை முன்னால் போடச் சொன்னாள், பருப்பை எத்தனை தடவை புடைத்தால் உமி போகும் என்று கேட்டாள். கடைசியில் முகம் மலர்ந்தது.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது. பாட்டு கீட்டு வருமா?"

நைனாவுக்குக் காத்திருந்த கேள்வி அது. "வராம இன்னாங்க? சனிக்கெழமையானா என்கூட பஜனைல பாடுமே. பாடும்மா."

"ஒண்ணே ஒண்ணு பாடட்டும். பூவ வெச்சிட்டு நாங்க கெளம்பறோம். பஸ்ஸு போயிடும்" என்று அந்த அம்மாள் கூடையின் இலையை விலக்கினாள்.

அக்கா வாய் திறக்கவில்லை. நைனா பஜனையின் முதல் அடியை எடுத்துக்கொடுத்துப் பார்த்தார். அப்போதும் திறக்கவில்லை.

"இன்னாம்மா, வாய்ல கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற?"

"வுடுங்க, கூச்சப்படுது பொண்ணு" என்றார் வெள்ளை மீசைக்காரர்.

அப்போது காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா பேசினாள். வந்தவர்கள் முன்னால் அவள் பேசியது அதுவே முதல் தடவை. "பெரிசுக்கு வெக்கம். சின்னது பாடும். நீ பாடு கண்ணு."

நைனாவுக்கும் நிம்மதி. "ஆமாமா, சின்னது கூட நல்லாப் பாடும். பாடு."

எனக்குத் தெரிந்தது மூன்று பாட்டு. பஜனைப் பாட்டு அக்காவுடையது, அதை எடுத்துக்கொள்வது முறையல்ல. பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை எல்லாருக்கும் தெரிந்தது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவர்களுக்கு இருப்பதில் சிறந்ததைக் கொடுக்க வேண்டாமா? நான் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சிரித்தேன்.

வெள்ளை மீசைக்காரரும் கூடவே சிரித்தார். "கொழந்தைக்கும் வெக்கம் போலகீது."

நான் பாடத் தொடங்கினேன். முதல் விக்கல் வந்தது.

"அய்ய, விக்கல் எடுக்குது பாரு கொழந்தைக்கு. யாராச்சும் தண்ணி குடுங்க."

இரண்டாவது விக்கலுக்கு அவரே தன் சொம்பை நீட்டிவிட்டார். பெரியவர் கொடுப்பதை வாங்காமல் இருந்தால் மரியாதையில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அடுத்த விக்கலும் சரியான இடத்தில் வந்தது. அவர் கவலையோடு தன் மனைவியைப் பார்த்தார். "தண்ணி குடிச்சும் நிக்கல பாரேன்."

"அது விக்கல் இல்லிங்க. பாட்டே அப்பிடித்தான். குடிச்சிட்டு ஆடுவாளே ஒருத்தி, அவ பாட்டு."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்தாள். "இன்னா தெரியணும்? ஊரு பூரா மைக் செட்ல போட்டு உயிர வாங்கறானுங்க. வாய மூடிக்கினு இருங்க."

மாப்பிள்ளையின் தலை இன்னும் கீழே குனிந்தது, தோள்கள் குலுங்கின. நைனா பனையோலை விசிறியைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார். விருந்தாளி எதிரே எழுந்து வந்து என்னை அடக்கவும் முடியவில்லை, உட்கார்ந்து கேட்கவும் முடியவில்லை. நான் மூன்று சரணத்தையும் பாடி, கடைசிச் சிரிப்பையும் சிரித்து முடித்தேன். யாராவது கை தட்டுவார்கள் என்று சுற்றிப் பார்த்தேன்.

அந்த அம்மாள் வாழையிலையை மறுபடி கூடை மேல் போட்டு மூடினாள்.

"பஜனைக் குடும்பம்னு சொன்னாங்க. சின்னதே இப்பிடின்னா ஊட்டுக்குள்ள இன்னா நடக்குதோ! இன்னோர் நாள் பாக்கலாம்ண்ணா."

"கொழந்த தெரியாம..." என்று நைனா எழுந்தார்.

"தெரியாமயா? ஒரு எடம் தப்பாம பாடுது."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் நான்தான். அவர்கள் படி இறங்கி, தெரு முனையில் திரும்பும்வரை எனக்கு எதுவும் விளங்கவில்லை. விசிறிக் காம்பு முதுகில் விழுந்த பிறகு விளங்கியது. மூன்று அடி. எண்ணிக்கையில் சந்தேகம் இல்லை. நைனா என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் அக்காவைச் சொல்லவில்லை. ரேடியோவைக் காட்டினேன். மறுநாளே அது பஜனைக் கோயிலுக்குப் போனது. அங்கிருந்தால் செய்தியும் சாமி பாட்டும் மட்டுமே கேட்கும் என்பது நைனாவின் கணக்கு. ஊர் இளைஞர்கள் ஒரு வாரத்தில் சிலோனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கிளப் டான்ஸ் பாட்டெல்லாம் பெருமாள் படத்துக்கு முன்னால்தான் ஒலித்தது.

திங்கட்கிழமைக்குள் கதை ஊர் முழுக்கப் பரவியது. கிணற்றடியில் என்னைப் பார்த்தாலே விக்கல் எடுத்துக் காட்டினார்கள். அடுத்த சம்பந்தத்துக்கு யார் வாயைத் திறந்தாலும் இந்தக் கதை முந்திக்கொண்டு போய் நிற்கும் என்று நைனாவுக்குத் தெரிந்தது. புதன்கிழமை விடியும் முன் அவரே அக்காவைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூருக்குப் பஸ் ஏறினார். "ஊரு வாய் ஓயற வரைக்கும் அங்கியே கெடக்கட்டும்" என்றார். அக்காவுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருடம் விடுதியில் இருந்து படித்தாள்.

எனக்கு மட்டும் அந்த ஞாயிறு முடியவே இல்லை. நான் பாடியதால் அக்காவின் கல்யாணம் நின்றது. இது எனக்கு வாய்ப்பாடு போல உறுதியாகத் தெரிந்தது. "பெரிசுக்கு இன்னும் ஆவலியா?" என்று யாராவது அம்மாவைக் கேட்டால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். பிறகு பாடவே இல்லை. திருவிழாவில் அந்தப் பாட்டு வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். விரல்களை இறுக்கமாக வைக்க மட்டும் மனம் வராது. இவ்வளவுக்கும் காரணமான அந்தப் பாட்டு எனக்கு இன்னும் பிடித்திருக்கிறதே என்பது அடிபட்டதைவிட வலித்தது.

அக்காவுக்கு முதல் வேலை பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு ஊராட்சிப் பள்ளியில் கிடைத்தது. 1974இல் கூட வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரை மணந்தாள். அந்தப் பழைய மாப்பிள்ளை பின்னாளில் தன் மகனை அவள் வகுப்பில் சேர்க்க வந்தாராம். "பாட்டுப் பாடின தங்கச்சி நல்லாருக்குதா டீச்சர்?" என்று விசாரித்தாராம். நல்ல மனிதர்; அவர்மேல் எங்களில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அக்காதான் என்னை டைப் படிக்க வைத்தாள். 1978இல் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது உத்தரவை எடுத்துக்கொண்டு முதலில் அவளிடம்தான் போனேன். அம்மா அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்துவிட்டாள். அன்றைக்குத்தான் பத்து வருடமாகச் சுமந்ததை இறக்கிவைத்தேன்.

"என்னாலதானே ஒனக்கு அந்தக் கல்யாணம் நின்னுச்சு. மன்னிச்சிடுக்கா."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அட பைத்தியமே. அதையா இத்தினி வருசமா வெச்சிக்கினு கீற?"

"நீ பாடியிருந்தா நான் பாடியிருக்கவே மாட்டேன்."

"நான் எங்கடி பாடறது? அன்னிக்குக் காலைல எனக்குத் தல வாரிக்கினே அம்மா சொல்லிச்சு, 'பாட்டுக் கேப்பாங்க. நீ வாயத் தொறக்காத. மத்தத நான் பாத்துக்கறேன்'னு. நைனாவுக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. நீ அப்ப நைனாகிட்ட எல்லாத்தையும் ஒளறுவியே, அதான் ஒனக்கும் சொல்லல. அம்மா இன்னா பண்ணப்போவுதுன்னு எனக்கே தெரியாது, நீ சிரிக்கிற வரைக்கும்."

மதியத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் தூங்கவில்லை என்பதும், எங்கள் வீட்டு ரேடியோவை மூன்று பேர் கேட்டோம் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது எனக்கு அந்தப் பாட்டின் படம், வெளியான ஆண்டு, இசைத்தட்டின் எண் எல்லாம் தெரியும். அதைப் பாடிய பெண்மணிக்கு மனதுக்குள் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன். அவர் விக்கலில் ஒரு டீச்சரும் ஒரு டைப்பிஸ்டும் உருவானது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அம்மாவுக்கு மட்டும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரிந்தபோது அவள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில், நைனா வயல் பக்கம் போன பிறகு, அம்மா என்னைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினாள். மூன்று கோடுகளுக்குத் தேவையானதைவிட அதிக நேரம் தடவினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இடையில் ஒரு சொட்டு முதுகில் விழுந்தது. அது எண்ணெய் போலக் குளிர்ச்சியாக இல்லை. அம்மாவுக்கு என்மேல் தீராத கோபம், அதனால்தான் பேச மாட்டேன் என்கிறாள் என்று நினைத்து, பாயைக் கடித்துக்கொண்டு, இனி ஒருநாளும் பாட மாட்டேன் என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.